மத்திக் கரைசலும் வெட்டிய வரியும்

கொச்சி மட்டாஞ்சேரியில் நான் வேலை பார்க்கும் மாத இதழ் முதலில் இயற்கை வைத்தியத்துக்காகவே தொடங்கப்பட்டது. கஞ்சி, உபவாசம், எண்ணெய்க் குளியல் என்று எட்டுப் பக்கம். 'மருந்தில்லாமல் வாழச் சொல்கிறீர்கள், மருந்தடிக்காத காய்க்கு எங்கே போக?' என்று வாசகர்கள் கேட்டுக் கேட்டுத்தான் மாடித்தோட்டமும் அதில் சேர்ந்தது. தெருவில் தமிழ்க் குடும்பங்கள் அதிகம். ஒரு பக்கம் தமிழில் போடலாம் என்றார் ஆசிரியர் சேட்டன். எழுதியது நான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். எழுத்துத் தெரியாத அப்பா அந்தப் பக்கத்தை மடித்துச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார்.

முதல் தமிழ்ப் பக்கத்தில் மத்திக் கரைசல். மத்தி மீனையும் வெல்லத்தையும் சம அளவில் ஜாடியில் மூடி வைத்து, ஒரு மாதம் கழித்து வடிகட்டிச் செடிக்கு உரமாக ஊற்ற வேண்டும். பக்கத்தில் இடம் போதவில்லை. கடைசி வரியை வெட்டினேன். மாதம் கழிந்து, தானும் போட்டு வைத்திருந்த ஜாடியைத் திறந்தபோதுதான் சேட்டன் கேட்டார்.

"எடா மோனே, ஒரு லிட்டர் தண்ணிக்கு ஒரு ஸ்பூன்னு எழுதினாயோ?"

வெட்டியது அதைத்தான். அப்படியே ஊற்றினால் வேர் வெந்துபோகும்.

"ஒரு செடி கருகினாலும் தமிழ்ப் பக்கம் இத்தோட தீர்ந்து, கேட்டோ."

எதிர்வீட்டு அக்கா என்னை நம்பி மாடியில் பன்னிரண்டு மண்பைகளில் கத்தரி வைத்திருந்தார். ஓடினேன். படியேறும்போதே நாற்றம்.

"ஊத்திட்டீங்களா அக்கா?"

"போன வாரமே ஊத்தியாச்சு. வாய்யா படிச்சவரே! முதல் பையில ஒரு கரண்டி ஊத்தினேன், கீழ்வீட்டுச் சேச்சி 'பூனை செத்துக் கிடக்கோ'ன்னு கத்துறா. அந்தப் பையில ரெண்டு வாளி தண்ணி விட்டுக் கழுவினேன். மிச்சத்துல ஒரு கரண்டியைப் பெரிய டிரம்முத் தண்ணில கலக்கி மத்ததுக்கு விட்டேன்."

பன்னிரண்டும் பச்சையாக நின்றன. இலைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். அதன் பிறகுதான் உட்கார முடிந்தது.

"தண்ணி கலக்கணும்னு எழுதாம விட்டுட்டேன் அக்கா."

"அதை எழுத வேற செய்யணுமா? மூக்குள்ளவன் கலக்குவான்."

"ஜலதோஷக்காரன் என்ன பண்ணுவான்? தெருவுல மத்தவங்க போட்ட ஜாடி என்னாச்சு?"

"எவளும் திறக்கல. என் கத்தரி பிழைக்குதான்னு பாத்துட்டுத் திறக்கலாம்னு இருக்காளுக."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவிடம் ஒரு நோட்டுத் தாளும் பசையும் வாங்கினேன். 'ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு ஸ்பூன்' என்று பல முறை பெரிதாக எழுதித் துண்டு துண்டாகக் கிழித்து, வீடு வீடாகப் போய் ஜாடிகளில் ஒட்டினேன்.