துடைப்பக்காரியின் இழுவைப்படகு

துறைமுகத்தில் அவளுக்குத் துடைப்பக்காரி என்றே பெயர். இழுவைப்படகில் என்ஜின் ஓட்டுகிறவள். படகுக்கு எரிபொருள் மெத்தனால். பகல் வெளிச்சத்தில் அது பற்றிக்கொண்டால் தீ கண்ணுக்குத் தெரியாது, புகையும் வராது. அதனால் என்ஜின் அறைக்குள் நுழையும்போதெல்லாம் நீளக் காம்புள்ள துடைப்பத்தை முன்னால் நீட்டிக்கொண்டு போவாள். நுனி கருகினால் அங்கே தீ இருக்கிறது.

“என்னக்கா, கடலைப் பெருக்கக் கெளம்பிட்டியா?” என்பார்கள் மற்ற படகுக்காரர்கள்.

“மொதல்ல உன் வாயைப் பெருக்கணும், வரியா?”

படகு அவள் தம்பியுடையது. நாட்டின் மேல் பொருளாதாரத் தடை விழுந்து எண்ணெய்க் கப்பல்கள் வராமல் போனபோது, பல மாதம் கரையில் சும்மா கிடந்தது. ஊர்க் குப்பையிலிருந்து மெத்தனால் காய்ச்சும் ஆலை பக்கத்திலேயே இருக்கிறதே, என்ஜினை மாற்றுவோம் என்றாள். எண்ணெய் பம்ப்பைத் தானே கழற்றினாள். ஓட ஆரம்பித்த முதல் வாரம் துடைப்பம் இல்லை. இடது முன்கையில் உள்ள தழும்பு அந்த வாரத்தது.

தடை நீங்கவில்லை. ஆனால் எண்ணெய் குறுக்கு வழி கண்டுபிடித்துவிட்டது. பெயரை அழித்து வேறு பெயர் பூசிய கப்பல்கள் அதை மலிவாகக் கொண்டுவந்தன. மெத்தனாலுக்கு மாறிய படகுகள் ஒவ்வொன்றாகப் பழையபடி எண்ணெய்க்கே திரும்பின.

ஒரு காலை, பீப்பாய் வண்டியோடு எண்ணெய்த் தரகரைக் கூட்டிக்கொண்டு தம்பி வந்தான்.

“அக்கா, டேங்கைக் காலி பண்ணணும். பழைய பம்ப் எங்க?”

“வீட்டுப் பின்கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கேன்.”

“வேற வாங்கிக்கலாம்மா,” என்றார் தரகர். “கொஞ்சம் எறங்குங்க.”

அவள் போய் டேங்க் மூடியின் மேல் உட்கார்ந்தாள்.

“எல்லாரும் மாறிட்டாங்க. உனக்கு மட்டும் என்னக்கா வீம்பு?”

“நம்மள நட்டாத்துல விட்டுட்டுப் போன எண்ணெய்டா இது. இப்பத் திருட்டு வழியா வந்து பல்லைக் காட்டுது. நாளைக்கு அந்த வழியையும் அடைச்சான்னா, நீ மறுபடியும் கரையில உக்காந்து தலையைச் சொறிவே.”

“படகு என்னுது.”

“யார் இல்லேன்னா? வேற ஆளை வச்சுக்கோ. நான் இருக்கிற வரைக்கும் இந்த டேங்க்ல அது ஒரு சொட்டு விழாது.”

வெளியே சரக்குக் கப்பல் ஊதியது. அதை உள்ளே இழுத்துவர வேண்டிய முறை இவர்களுடையது. டேங்க் நிறைய மெத்தனால் இருந்தது. தம்பி கப்பலைப் பார்த்தான், பீப்பாய்களைப் பார்த்தான்.

“கயிறை அவுக்கிறியா, நானே அவுக்கட்டுமா?” என்றாள் அவள்.

அவன் குனிந்து கயிற்றை அவிழ்த்தான்.

“சரி, நாளைக்கு வர்றேன்,” என்றார் தரகர்.

“வாங்க. உங்களுக்கு முன்னால இதை நீட்டித்தான் பாப்பேன்,” என்று துடைப்பத்தைக் காட்டிவிட்டு அவள் என்ஜின் அறைக்குள் போனாள்.

என்ஜின் உறுமியது. தம்பி படகுக்குள் தாவினான்.

“வராதீங்க,” என்று கரையைப் பார்த்துக் கத்தினான். “அவ நாளைக்கும் எறங்க மாட்டா!”