அழகியின் வயிறும் ஊராரின் யோசனையும்

வல்லத்திராக்கோட்டையில் 1959-ஆம் வருடம் மழை தவறியது. கடலை விலை சரிந்தது. பஞ்சாயத்துக் கிணறு தூர் வாரப்படாமல் கிடந்தது. ஆனால் ஊரில் கூடிக் கூடிப் பேசியது அழகியின் வயிற்றைப் பற்றித்தான். உள்ளே வளரும் பிள்ளை எந்த வழியாக வெளியே வர வேண்டும் என்பதில் ஒவ்வொருவருக்கும் ஓர் உறுதியான கருத்து இருந்தது. கருத்துக் கேட்கப்படாதவள் ஒருத்திதான். அவள் கொல்லையில் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள்.

அழகிக்கு அப்போது இருபத்து மூன்று வயது. ஆலங்குடிப் பக்கத்துப் பெண். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். கணவன் சோலையப்பன் நல்லவன் என்று பெயர் எடுத்தவன். யார் பேச்சையும் தட்டாதவன் என்பதுதான் அதற்கு அர்த்தம். காலையில் ஆத்தா ஒன்று சொன்னால் சரி என்பான். மதியம் அய்யா அதற்கு நேர்மாறாகச் சொன்னால் அதற்கும் சரி என்பான். இரண்டு தடவையும் மனதாரத்தான் சொல்வான்.

முதல் பிரசவம் 1956 புரட்டாசியில், பிறந்த வீட்டில் நடந்தது. பிள்ளை வயிற்றுக்குள் குறுக்கே கிடந்தது யாருக்கும் தெரியவில்லை. ஒன்றரை நாள் முக்கச் சொன்னார்கள், முக்கினாள். கடைசியில் பிள்ளையின் கை ஒன்று மட்டும் வெளியே வந்தது. அதைப் பார்த்த மருத்துவச்சி, "இது எங் கையில இல்லத்தா, டவுனுக்குக் கொண்டு போங்க" என்றாள். அந்த ஒன்றரை நாளில் அந்த வீட்டில் பேசப்பட்ட ஒரே புத்தியுள்ள பேச்சு அது. மாட்டு வண்டியில் ஆலங்குடி வரை, அங்கிருந்து பஸ்ஸில் புதுக்கோட்டை. பஸ்ஸில் இருந்தவர்கள் வழி நெடுக யோசனை சொன்னார்கள். சீட்டை விட்டு எழுந்தவர் கண்டக்டர் ஒருவர்தான்.

ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து பிள்ளையை உயிரோடு எடுத்தார்கள். பெண் குழந்தை. செவந்தி என்று பெயர் வைத்தார்கள். அழகி மயக்கம் தெளிந்து அதன் முகத்தைப் பார்க்க ஆறு மணி நேரம் ஆனது. அதற்குள் மூன்று பேர் வந்து அது யார் சாயல் என்று முடிவு செய்துவிட்டுப் போயிருந்தார்கள்.

தாயும் பிள்ளையும் பிழைத்தது ஊருக்கு ஒரு செய்தியாகப் படவில்லை. வயிற்றைக் கிழித்ததுதான் செய்தி. மாமியார் ராக்காயி ஏழு பெற்றவள். தங்கியது மூன்று. போன நாலைப் பற்றி அவள் பேசமாட்டாள். பெற்ற விதத்தைப் பற்றி மட்டும் நிறையப் பேசுவாள். "நாங்கள்லாம் களையெடுக்கப் போன எடத்துல பெத்துட்டு, மறுநா அதே வயல்ல எறங்குனவுக. இவளுக்கு முக்கத் தெம்பில்ல. கத்திய வச்சு எடுத்துக் குடுத்துட்டாக." ஆபரேஷன் ஆன இருபதாம் நாள் மருமகளைக் கிணற்றுக்குத் தண்ணீர் சேந்த அனுப்பியவளும் அவள்தான். தையல் சீழ் பிடித்து, அழகியால் இரண்டு மாதம் நிமிர்ந்து நடக்க முடியவில்லை. ஊரில் இன்னொரு அழகியும் இருந்ததால் இவளுக்குக் 'கத்தி அழகி' என்று பெயர் வைத்தார்கள். அடையாளம் வேண்டுமல்லவா.

இப்போது இரண்டாவது பிள்ளை. ராக்காயி முதலிலேயே சொல்லிவிட்டாள். "இந்தத் தடவ இந்த வீட்லதான். எங் கண்ணு முன்னால முக்கட்டும். போன அவமானம் போகட்டும்."

மாமனார் ரெங்கசாமி பஞ்சாயத்து மெம்பர். அவர் ஆபரேஷன் கட்சி. மருமகள் மேல் இரக்கப்பட்டு அல்ல. அவருடைய ஜோசியர் ஒரு கணக்கு சொல்லியிருந்தார். ஆவணியில் ஒரு குறிப்பிட்ட நாள், காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் பிறக்கும் ஆண் பிள்ளை ஜில்லா போர்டு வரைக்கும் போவான். "தானாப் பொறந்தா அது பாட்டுக்கு ஒரு நேரத்துல பொறக்கும். ஆபரேசன்னா நேரத்த நாம குறிக்கலாம்ல" என்றார் ரெங்கசாமி. விஞ்ஞானத்தை இவ்வளவு நன்றாகப் புரிந்துகொண்டவர் அந்தப் பிர்க்காவில் வேறு யாரும் இல்லை.

இரண்டு கட்சிக்கும் நடுவில் சோலையப்பன் தலையாட்டிக்கொண்டே எட்டாம் மாதத்தில் அழகியை டவுனுக்குக் கூட்டிப் போனான். லேடி டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, பழைய சீட்டைப் படித்துவிட்டு அழகியிடம் பேசினார்.

"போன தடவை பிள்ளை குறுக்கே கிடந்ததாலதான் ஆபரேஷன். உன் இடுப்பெலும்புல குறை ஒண்ணும் இல்லை. இப்ப பிள்ளை தலை கீழே இருக்கு. தானாப் பிறக்க நல்ல வாய்ப்பு இருக்கு. ஆனா கர்ப்பப்பையில பழைய தையல் ஒண்ணு இருக்கு பாரு, வலி வரும்போது அது விட்டுப்போகலாம். நூறு பேர்ல ஒருத்தி, ரெண்டு பேருக்கு அப்படி ஆகும். ஆச்சுன்னா உடனே ஆபரேஷன் பண்ணினாத்தான் ரெண்டு உயிரும் தங்கும். அதனால வீட்டுல வேண்டாம். இங்கே வந்து வலியைப் பார்க்கலாம். இல்லைன்னா முன்னாடியே நாள் குறிச்சு ஆபரேஷன் பண்ணிடலாம். உனக்கு எது வேணும்?"

சோலையப்பன் தொண்டையைச் செருமினான். "எங்கய்யா என்ன சொல்றாருன்னாங்க…"

"உங்க அய்யாவுக்கு எத்தனாவது மாசம்?" என்றார் டாக்டர்.

பக்கத்தில் நின்ற நர்ஸ் அந்தோணிமேரி வாயைப் பொத்திக்கொண்டாள். அழகிக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் கேள்வி தன் மேலேயே நிற்கிறது என்பது அடுத்த நிமிடம் உறைத்தது. 'உனக்கு எது வேணும்' என்று அவளிடம் கடைசியாகக் கேட்டவர் ஆலங்குடிச் சந்தையில் வளையல் விற்றவர்.

"தையல் விட்டா எனக்கு முன்னாடியே தெரியுமாங்க?"

"சிலபேருக்குத் தெரியும். வலி விட்ட நேரத்துலயும் தையல் இருக்கிற இடம் மட்டும் விடாம வலிச்சா உடனே சொல்லணும். பல்லைக் கடிச்சுக்கிட்டுப் படுத்திருக்கக் கூடாது."

"மறுபடி கத்தி வச்சாங்க?"

"காயம் ஆறணும். அடுத்ததுக்கும் அநேகமாக் கத்திதான்."

அந்த ஒன்றரை நாள் வலி அழகிக்கு மறக்கவில்லை. சீழும், காய்ச்சலும், பிள்ளையைத் தூக்க முடியாமல் சுவரைப் பிடித்து நின்றதும் மறக்கவில்லை. அதையெல்லாம் விட, பிறந்த பிள்ளையை எல்லோருக்கும் கடைசியில் பார்த்தது மறக்கவில்லை.

"வலி எடுத்தே பெத்துக்கிறேங்க. இங்கயே. புள்ள வரும்போது நான் முழிச்சிருக்கணும்."

வெளியே வந்ததும் அந்தோணிமேரி அவளை ஓரமாகக் கூப்பிட்டாள். ஆவூர்க் கிறிஸ்தவப் பெண், நாற்பது வயதுக்கு மேல், பேச்சில் எதையும் சுற்றி வளைக்காதவள். "ஒங்க ஊர்ல வலி எடுத்த பெறகு பஸ்ஸுக்கு நின்னியன்னா, புள்ளைக்கும் சேத்து டிக்கெட்டு எடுக்க வேண்டியிருக்கும். மூணு வாரம் முன்னாடியே வந்துரு. ஆஸ்பத்திரிக்குப் பின்னாலதான் எங்க வீடு, ஒரு ரூம் சும்மாக் கெடக்கு."

வீட்டில் அழகி தன் முடிவைச் சொன்னபோது ஒரு அதிசயம் நடந்தது. ரெங்கசாமியும் ராக்காயியும் பல வருடங்களுக்குப் பிறகு ஒரே பக்கம் சேர்ந்தார்கள்.

"பெத்தா வீட்ல பெறணும், இல்லாட்டி நேரம் பாத்துக் கிழிக்கணும். இது ரெண்டுங்கெட்டான்" என்றார் ரெங்கசாமி.

"வேதக்காரவுக வீட்ல போயிச் சோறு திம்பியா?" என்றாள் ராக்காயி.

"திம்பேன் அத்தை" என்றாள் அழகி.

அழுகையோ எதிர்ப்பேச்சோ வந்திருந்தால் ராக்காயிக்கு வழி தெரிந்திருக்கும்.

ஆவணி பிறந்த நாலாம் நாள் செவந்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு அழகி பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தாள். அன்று கடைசியாகப் பேசியது அவள் என்பதால், சோலையப்பன் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான்.

ஜோசியர் குறித்த நாள் வந்தது, போனது. பிள்ளை அசையவில்லை. ரெங்கசாமி தினமும் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து, புதிய நல்ல நேரம் எழுதிய துண்டுச் சீட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தோணிமேரி அவற்றை அடுப்புப் பற்றவைக்கப் பயன்படுத்தினாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் வலி கண்டது. மதியம் வரை எல்லாம் ஒழுங்காகவே போனது. "நல்லாப் பண்றே" என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார். இரண்டு மணி வாக்கில் ஒரு வலி வந்து அடங்கியது. வயிறு தளர்ந்தது. ஆனால் தொப்புளுக்குக் கீழே, பழைய தையல் இருந்த இடத்தில், ஒரு விரல் அகலத்துக்கு வலி அப்படியே நின்றது. அடுத்த வலி போன பிறகும் நின்றது.

அழகி பல்லைக் கடித்தாள். இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்தால் தானாகவே பெற்றுவிடலாம். ஊர் வாயை அடைக்கலாம். அந்த எண்ணம் வந்ததும் அவளுக்கே தன் மேல் எரிச்சல் வந்தது. ராக்காயி பேசுவதைத் தானே தனக்குள் பேசிக்கொண்டிருக்கிறாள். அந்தோணிமேரியின் கையைப் பிடித்தாள்.

"அக்கா, தையல் எடத்துல வலி விடமாட்டேங்குது. டாக்டரம்மாவக் கூப்பிடுங்க."

டாக்டர் வந்து அந்த இடத்தில் விரல் வைத்தார். அழகி துடித்தாள். "இனிமே காத்திருக்க வேண்டாம்னு எனக்குப் படுது. ஆபரேஷனுக்குப் போகலாமா?"

"போகலாங்க" என்றாள். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. ஆசைப்பட்டது ஒன்று கைவிட்டுப் போனதற்கான அழுகை அது. பயம் அல்ல.

சோலையப்பனிடம் கையெழுத்துக்குக் காகிதத்தை நீட்டினார்கள். "அய்யா டீக்கடையில இருக்காரு. ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துர்றேன்" என்றான். தள்ளுவண்டியில் படுத்திருந்த அழகி தலையை மட்டும் திருப்பினாள். "பேனாவப் புடிங்க" என்றாள். பிடித்தான்.

இந்தத் தடவை மயக்கம் கொடுக்கவில்லை. அவள் கேட்டிருந்ததை நினைவில் வைத்திருந்த டாக்டர், முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்தார். அழகி விழித்திருந்தாள். அழுகுரலைக் கேட்டாள். ஈரம் துடைக்காத பிள்ளையை அந்தோணிமேரி முகத்தருகே கொண்டுவந்து காட்டியபோது, அதைப் பார்த்த முதல் ஆள்களில் அவளும் ஒருத்தி. பழைய தையல் காகிதம் போல மெலிந்திருந்தது என்றும், இன்னும் பத்து வலி வந்திருந்தால் விட்டிருக்கும் என்றும் டாக்டர் பிறகு சொன்னார்.

பிறந்த நேரம் மூன்று இருபது. செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு ராகுகாலம் தொடங்கும். ரெங்கசாமி அந்தோணிமேரியைத் தனியாகப் பார்த்தார்.

"ரெண்டு அம்பதுன்னு எழுதிக்கம்மா. கெடியாரம் முந்திப் போகுதுன்னு வச்சுக்குவோம்."

"கெடியாரத்த வேணா மாத்தலாம் பெரியவரே. பொறந்தது பொம்பளப் புள்ள. அத என்ன செய்யட்டும்?"

ரெங்கசாமி அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டார். ராக்காயி இரண்டு நாள் கழித்து வந்தாள். பிள்ளையைப் பார்த்தாள், தையலையும் பார்த்தாள். "எட்டு மணி நேரம் வலி எடுத்துருக்கா. பாதி பெத்ததாத்தான் கணக்கு" என்று தீர்ப்புச் சொன்னாள். அவள் அளவில் அது பெரிய தாராளம்.

வீட்டுக்கு அனுப்பும் முன் டாக்டர் கணவன் மனைவி இருவரையும் உட்கார வைத்தார். "மூணாவது வேண்டாம். தையல் தாங்காது. யாராவது ஒருத்தர் கருத்தடை பண்ணிக்கணும். இவளுக்குன்னா மறுபடி வயித்தைத் திறக்கணும். உங்களுக்குன்னா கால் மணி நேர வேலை."

"எனக்கு ரெண்டு தடவ ஆயிருச்சு. இனி இவுக முறை" என்றாள் அழகி.

சோலையப்பனுக்கு அன்று மாலையே காய்ச்சல் வந்தது. ஒரு வாரம் இருந்தது. ஆனால் மூன்று மாதம் கழித்து, ஆயில் எஞ்சினுக்குச் சாமான் வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத் திருச்சிக்குப் போனான். இரண்டு நாள் கழித்துக் காலை அகட்டி அகட்டி நடந்து வந்தான். "கடையில ஸ்டாக் இல்லையாம்" என்றான். பிறந்ததிலிருந்து அய்யாவையும் ஆத்தாவையும் கேட்காமல் அவன் செய்த முதல் காரியம் அதுதான். அழகி யாரிடமும் சொல்லவில்லை. 'கத்தி பட்ட வயிறு, வறண்டுபோச்சு' என்று ஐந்து வருடம் ஊர் பேசியதையும் ராக்காயி பேசியதையும் கேட்டுக்கொண்டே இருந்தாள். சில நாள் பொறுமையாக, சில நாள் பாத்திரத்தை நங்கென்று வைத்து.

1964-இல் ரெங்கசாமி மகனுக்கு இரண்டாவது கல்யாணம் பேசத் தொடங்கினார். பேரன் வேண்டுமே. சட்டம் விடாது என்பது பஞ்சாயத்து மெம்பருக்குத் தெரியும். ஆனால் சட்டம் டவுனில் இருப்பது என்பது அவர் எண்ணம். ஆவுடையார்கோவில் பக்கம் ஒரு பெண் இருப்பதாகச் சாப்பிடும்போது சொன்னார். அழகிதான் பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"அத ஒங்க மகன்ட்டயே கேளுங்க மாமா" என்றாள்.

சோலையப்பன் கையிலிருந்த கவளத்தை இலையில் வைத்தான். பிறகு சொன்னான். "அய்யா, எத்தன பொண்ணு பாத்தாலும் பேரன் வரமாட்டான். நான் திருச்சியில ஆபரேசன் பண்ணிக்கிட்டேன்."

"எஞ்சினுக்குச் சாமான் வாங்கப் போனேன்னியேடா?"

"ஆமாய்யா."

"யாரைக் கேட்டுடா பண்ணுன?" என்றாள் ராக்காயி.

"எம் பொண்டாட்டியக் கேட்டு."

ரெங்கசாமி எழுந்து போய்க் கை கழுவினார். மறுநாள் மகள் வீட்டுக்குப் போனவர் ஒரு மாதம் கழித்துத்தான் திரும்பினார். கல்யாணப் பேச்சை அதன் பிறகு எடுக்கவில்லை. ராக்காயி மருமகளிடம் பத்து நாள் பேசவில்லை. அழகிக்கு அது ஓய்வாகவே இருந்தது.

அந்தப் பத்து நாளுக்குள்தான் பக்கத்துத் தெருவில் தலைப்பிரசவத்துக்கு இருந்த பிச்சையம்மாள் வந்தாள். டாக்டரம்மாவைப் பார்க்கத் துணைக்கு வர முடியுமா என்று கேட்டாள். "எங்க மாமியாவுக்குத் தெரியாமப் போயிட்டு வந்துரணும்க்கா."

"தெரிஞ்சே போவோம்" என்று சொல்லிவிட்டு, அழகி சேலையை மாற்ற உள்ளே போனாள்.