கராடியிலிருந்து ஒரு கண்ணீர் அஞ்சலி

புனேயில், கராடியின் ஏழாவது மாடி வீட்டில் உட்கார்ந்து நான் ‘ம’ தட்டினால், கோவில்பட்டிக் கணினித் திரையில் அது k என்று விழுந்தது. ஒருமுறை அல்ல, அன்று மதியம் முழுக்க. பன்னிரண்டு வருடமாகக் கணினியால் சோறு தின்பவள் நான். சொந்த அக்காவின் கணினியிடம் தோற்றுக்கொண்டிருந்தேன்.

அக்கா கோவில்பட்டியில் டிடிபி கடை வைத்திருக்கிறாள். வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. அந்த நேரம் பார்த்து ஒரு கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி வந்தது. மறுநாள் காலை அடக்கம். நாலு மணிக்குள் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். இறந்தவரின் மகன் கடையிலேயே உட்கார்ந்திருந்தார். கல்யாணத்துக்கு முன்பு அதே கடையில் தட்டச்சு செய்தவள் நான். அந்தப் பழைய விசைப்பலகை இன்னும் விரலில் இருக்கிறது. ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைந்து முடித்துத் தருகிறேன் என்று வாய் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அவளுடையது விண்டோஸ், என்னுடையது மேக். இரண்டும் சம்பந்திச் சண்டை போட்டன.

“ஏட்டி, இந்த அம்பை நீயா நகத்துத?” என்றாள் போனில்.

“நான்தான்க்கா. நீ மவுஸைத் தொடாத.”

“நான் தொடலட்டி. சும்மா கைய வச்சிருக்கேன்.”

“அதான் தொடுறது! கைய எடு!”

கை எடுத்த ஐந்தாவது நிமிடம் அவள் கணினி தூங்கிப்போனது. அதை எழுப்பினால் என் வீட்டில் நெட் போனது. எதிர்வீட்டு மராத்திக்கார அக்கா ஸ்நேகல் தாயியின் கதவைத் தட்டி, “ஆப்கா நெட் பந்த் ஹை க்யா?” என்று, அங்கும் நெட் இல்லையா எனக் கேட்டேன். “சாலூ ஆஹே,” என்று அவர் கதவைச் சாத்தப் போனார். ஓடுகிறது என்கிறார். ஓடினால்தானே நான் கடன் வாங்க முடியும்! கடைசியில் சைகை காட்டிக் கடவுச்சொல் வாங்கினேன்.

மணி மூன்றரை. அக்காவின் குரல் தணிந்தது. “பேசாம எதிர்க்கடைக்கு அனுப்பிருதேன். அவரு அழுத கண்ணோட இருக்காரு, என்னால பாக்க முடியல.”

“பத்து நிமிசம் பொறுக்கா.”

அமைப்புகளைத் துழாவியதில் பிடிபட்டது. என் கணினி ஆங்கில எழுத்தை எழுத்தாகவே அனுப்பிக்கொண்டிருந்தது. எந்த விசை அழுத்தப்பட்டது என்று அனுப்பினால்தான் அங்கிருக்கும் தமிழ் மென்பொருளுக்குப் புரியும். ஒரே ஒரு தேர்வை மாற்றினேன். ‘ம’ வந்தது. அழுகையும் வந்தது. மகன் பெயர்களைச் சொல்லச் சொல்லத் தட்டினேன். “அப்பா பேருக்கு ரெண்டு ‘ல்’ வராதும்மா,” என்று ஒருமுறை திருத்தினார். மூன்று ஐம்பதுக்குச் சுவரொட்டி அச்சகத்துக்குப் போனது.

மறுநாள் பேருந்து நிலையச் சுவரில் ஒட்டியிருந்ததைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள் அக்கா. நான் பார்த்துக்கொண்டிருந்தபோது, நெட் சரியானதா என்று கேட்க வந்த ஸ்நேகல் தாயி எட்டிப் பார்த்தார். பூமாலை, சிரித்த முகம், பெரிய எழுத்து.

“கிஸ்கா பர்த்டே ஹை?”

பிறந்தநாள் இல்லை, இறந்துவிட்டார் என்றேன். அவர் முகம் மாறியது. உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டார். முந்தைய நாள்வரை அந்தப் பெயரையே நான் கேட்டதில்லை.

“ஹமாரே காவ் கே,” என்றேன். எங்கள் ஊர்க்காரர்.

தாயி என் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். முன்பின் தெரியாத ஒருவருக்கான துக்கத்தை, என் மொழி தெரியாத ஒருத்தியிடமிருந்து நான் மறுக்காமல் வாங்கிக்கொண்டிருந்தேன்.