குங்கிலிய எழுத்து

பவுனம்மாள் செய்த முதல் வாழ்த்து அட்டையை எறும்பு தின்றுவிட்டது.

அதை அவள் சீனியில் செய்திருந்தாள். மையில் எழுதி, ஈரம் காயுமுன் பொடித்த சீனியைத் தூவி, கரியடுப்புக்கு மேலே பிடித்தால் சீனி உருகி எழுத்து புடைத்து நிற்கும் என்று அவளுக்குத் தோன்றியது. நிற்கவும் செய்தது. 'வாழ்த்து' என்ற ஒரு சொல், பாகு நிறத்தில், விரலால் தடவினால் தட்டுப்படுகிற மாதிரி எழும்பி மின்னியது. சாமி மாடத்தில் சாய்த்து வைத்துவிட்டுப் படுத்தாள். விடிந்து பார்த்தால் எழுத்தின் மேல் எறும்பு வரிசை பிடித்திருந்தது. ஒன்றுகூட வரி தாண்டவில்லை. அப்போதும் 'வாழ்த்து' என்றுதான் வாசிக்க முடிந்தது.

"ஒனக்கு எறும்பே வாழ்த்துச் சொல்லுது பவுனு," என்றான் சின்னையா.

சின்னையா அவள் புருஷன். கோலாலம்பூர் ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடும் வேலை. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே வரிசை வீடுகளில் ஒன்றில் இருவரும் இருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. அவன் வேலைக்குப் போனபின் அவள் நாலு தெரு தள்ளி இருந்த மார்க்கிரட் டீச்சர் வீட்டுக்குப் போய்த் துணி துவைத்து, இஸ்திரி போட்டுவிட்டு வருவாள். டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரி. பெண்கள் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்தார்.

அந்த வீட்டில்தான் இந்த ஆசை பிடித்தது. டீச்சரின் அண்ணன் சீமையிலிருந்து கிறிஸ்மஸ் அட்டை அனுப்பியிருந்தார். தூசி தட்டுகிறபோது பவுனம்மாள் அதைக் கையில் எடுத்தாள். எழுத்து கட்டைவிரலில் தட்டுப்பட்டது. காகிதத்தைப் பின்னாலிருந்து குத்திய மேடு இல்லை. பின்பக்கம் வழவழவென்று இருந்தது. எழுத்தே கெட்டியாக மேலே உட்கார்ந்திருந்தது. பின்பக்கத்தின் அடியில் மட்டும் பொடி எழுத்தில் இங்கிலீஷில் ஏதோ ஒரு வரி.

"இது என்னா மிஸ்ஸி, பின்னால?"

"அதோ? செய்த ஆக்களின்ரை பேர்."

"செஞ்சவங்க பேரா? வாங்குனவங்க பேரு இல்ல?"

"வாங்கினவையின்ரை பேரை ஏன் போடப் போயினம்? செய்தவையின்ரை பேர்தான். என்னத்துக்குக் கேக்கிறீர்?"

"சும்மாதான்."

கிள்ளான் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிய காலத்தில் அவள் முத்துவேலு மகள். கலியாணமாகி இங்கே வந்தபின் சின்னையா பெண்சாதி. மூன்றாம் வீட்டு மாரியாயி அவளைக் கூப்பிடுவதே "ஏ, சின்னையா வீடு!" என்றுதான். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்று வகுப்பு படித்தவள். அவள் கையெழுத்து கோலம் போட்ட மாதிரி இருக்கும். ஆனாலும் தன் பெயரைச் சிலேட்டுப் பலகை தாண்டி எங்கும் அவள் எழுதியதில்லை. எழுத வேண்டிய தேவை வரவில்லை. செய்தவர் பெயரை அட்டையில் போடுவார்கள் என்று கேட்ட அன்றைக்குத்தான் அப்படி ஒரு தேவை இருக்கிறது என்று தோன்றியது.

சீனிக்குப் பிறகு அரக்கில் முயன்றாள். அது கறுத்து வெடித்தது. விடை ஒரு வெள்ளிக்கிழமை, சாமிக்குப் புகை போடுகிறபோது, தானாக வந்தது. குங்கிலியத் துண்டு ஒன்று தணலில் விழாமல் அடுப்பு விளிம்பில் விழுந்து, உருகிப் பரந்து, கண்ணாடி மாதிரி இறுகிப்போனது. நகத்தால் கீறிப் பார்த்தாள். சீமை அட்டையின் எழுத்தும் நகத்துக்கு இப்படித்தான் இருந்தது.

அதன்பின் சீனன் கடையில் டாமார் என்று கேட்டு வாங்கிய குங்கிலியத்தை உரலில் இடித்து, மல் துணியில் சலித்து, பித்தளைப் பொடி கொஞ்சம் கலந்து வைத்துக்கொண்டாள். சீக்கிரம் உலராதிருக்க மையில் தேன் ஒரு சொட்டு. எழுதி, பொடி தூவி, அட்டையைத் தட்டி, மிச்சத்தைக் கோழி இறகால் ஒதுக்கி, பிஸ்கட் டின் மூடியைத் தணல் மேல் போட்டு அதற்கு மேலே ஒரு சாண் உயரத்தில் அட்டையைக் காட்டுவாள். முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு எழுத்தின் ஒரு முனை நனைந்த மாதிரி மினுங்கும். அந்த மினுக்கம் எழுத்தோடு ஓடும். ஓடி முடிக்கிற இடத்தில் அட்டையை எடுத்துவிட வேண்டும். கொஞ்சம் பிந்தினால் கொதித்துப் பொக்குளம் விடும்.

மழை நாளில் பொடி அட்டை முழுக்க ஒட்டிக்கொண்டு மானத்தை வாங்கியது. முகத்துக்குப் பூசுகிற பெடாக் மாவைத் துணியில் முடிந்து அட்டையை முதலில் ஒற்றியெடுத்தாள். தொந்தரவு விட்டது. அட்டையில் போட நினைத்த விளக்குப் படத்துக்கு அச்சு வேண்டியிருந்தது. சின்னையாவின் கிரேப் ரப்பர் செருப்பைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடியே, செருப்புல சாமி வெளக்கா வெட்டப்போற?"

"தேஞ்சு போச்சேன்னு பார்த்தேன்."

"நான் தேயுறேன், அது கண்ணுக்குத் தெரியல."

கடைசியில் அவள் தம்பி தோட்டத்திலிருந்து புது கிரேப் துண்டு ஒன்று கொண்டுவந்து கொடுத்தான். சவர பிளேடால் குத்துவிளக்கு வெட்டினாள்.

நாள் கிழமை இல்லாமல் வீட்டில் குங்கிலிய வாசம் வந்ததால் சின்னையா வீட்டுக்காரிக்குப் பக்தி முற்றிவிட்டது என்று வரிசையில் பேச்சு. மாரியாயி ஒருநாள் வாசலில் நின்று கேட்டே விட்டாள்: "பத்துமலைக் கோயில்ல எப்போ போய் ஒக்காரப் போற?"

முப்பத்து நாலாம் வருஷம் தீபாவளிக்கு முன்பு, ஒரு கட்டு அட்டையைத் துணியில் சுற்றிக்கொண்டு பவுனம்மாள் கடைத்தெருவில் ரெங்கசாமி கடைக்குப் போனாள். காகிதம், பேனா, பள்ளிக்கூட சிலேட், ஊதுவத்தி எல்லாம் விற்கிற கடை. ரெங்கசாமி அட்டையை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். விரலால் தடவினார். முகம் மலர்ந்தது. பின்பக்கம் திருப்பினார். மலர்ந்தது சுருங்கியது.

"இது யாரு, பவுனம்மாள்?"

"நான்தான் மொதலாளி."

"அது தெரியுது தாயி. ஏன் போட்டிருக்கேங்கறேன்."

"செஞ்சவங்க பேரு போடுவாங்களாமே."

"வெள்ளைக்காரன் போடுவான். அதைப் பார்த்துத்தான் நம்மாளு வாங்குவான். பிரிக்பீல்ட்ஸ் பவுனம்மாள்னு பார்த்தா, இதை என் பொண்டாட்டியே செய்வாளேம்பான்."

"அவங்க பொண்டாட்டி செய்வாங்களா?"

"செய்யமாட்டா. ஆனா அவன் அப்படித்தான் சொல்லுவான்." ரெங்கசாமி அட்டையைக் கீழே வைக்க மனமில்லாமல் பிடித்திருந்தார். "பின்னால வெறுசா விட்டுக் கொண்டா. அத்தனையும் எடுத்துக்கறேன். பேரு வேணாம்."

வீட்டுக்கு வந்து சொன்னாள். சின்னையா சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தான். "அட்டை நாலு வீட்டுக்குப் போனா போதாதா? பேரு என்னாத்துக்கு? எனக்குத் தெரியும் நீ செஞ்சதுன்னு."

"ஒங்களுக்குத் தெரியும்," என்றாள் பவுனம்மாள். பின்பக்கம் வெறுமையாக ஒரு கட்டு செய்தாள். முன்பக்கத்தில் குறை வைக்கவில்லை. செய்கிறபோது மட்டும் வழக்கமாக முணுமுணுக்கிற பாட்டு வரவில்லை.

வெள்ளிக்கிழமை முதல் வியாபாரம். கட்டை வாங்கி வைத்தபோதே ரெங்கசாமி அவளை வரச்சொல்லியிருந்தார். அவள் போனபோது கடையில் ஆள் இருந்தது. கடை வாசல் அஞ்சடி நடைபாதையில் ஒரு தூணோரமாக நின்றுகொண்டாள். மேசை நடுவில் அவள் அட்டைகள் ஒரே அடுக்காக இருந்தன. ரயில்வே ஆபீஸ் பெரிய கிளார்க்கு, யாழ்ப்பாணத்துக்காரர் வீரசிங்கம், குடையை முழங்கையில் மாட்டிக்கொண்டு ஒன்றை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லண்டன் சரக்குங்க ஐயா," என்றார் ரெங்கசாமி. "தமிழ் எழுத்துல நமக்குன்னு அடிச்சு வந்திருக்கு."

"லண்டனிலை தமிழ் அச்சடிக்கினமோ?"

"இப்பல்லாம் என்னாங்க இல்ல அங்க!"

பவுனம்மாள் தூணின் சுண்ணாம்பை நகத்தால் சுரண்டினாள். தன் கைப்பிள்ளையைத் தன் கண்முன்னேயே அடுத்தவர் பிள்ளை என்று ஒருவர் சொல்லக் கேட்பது போலிருந்தது. கேட்டுக்கொண்டு நின்றாள்.

"முதல் போணி உங்க கையாலதான் ஐயா. ஒரு நிமிஷம்." ரெங்கசாமி புதுச் சரக்கு எதையும் சூடம் காட்டாமல் விற்பவர் இல்லை. சிலேட் பெட்டி வந்தாலும் காட்டுவார். பித்தளைத் தட்டில் பெரிய கட்டியாக வைத்துக் கொளுத்தி, சாமி படத்துக்குக் காட்டினார், கல்லாவுக்குக் காட்டினார், அட்டை அடுக்கைச் சுற்றிக் காட்டினார். பிறகு தட்டை அந்த அடுக்கின் தலையிலேயே இறக்கி வைத்துவிட்டு, கண்ணை மூடிக் கும்பிட்டார்.

பவுனம்மாள் தூணை விட்டு ஓர் அடி முன்னால் வந்தாள். ஓடிப்போய்த் தட்டை எடுக்க வேண்டும் என்று கால் துடித்தது. சாமிக்கு வைத்த சூடத்தை யார் போய் எடுப்பது?

சூடம் நின்று எரிந்தது. அதன் வாசத்துக்கு அடியிலிருந்து இன்னொரு வாசம் மெல்ல எழுந்து கடை முழுக்கப் பரவியது. வீரசிங்கம் மூக்கை உறிஞ்சினார். இன்னும் ஒரு தரம் உறிஞ்சினார்.

"இதென்ன ரெங்கசாமி, லண்டனிலையும் குங்கிலியமே போடுகினம்?"

கடையில் சிரிப்பு. ரெங்கசாமி கண்ணைத் திறந்தார். தட்டை எடுத்தார், தட்டோடு மேல் அட்டையும், அதோடு அடுத்ததும், அதற்கடுத்ததும் சேர்ந்து வந்தன. மேலே இருந்த பத்துப் பன்னிரண்டு அட்டைகள் ஒரே பலகையாக ஒட்டியிருந்தன. பதறிப்போய் இரண்டு கையாலும் பிடித்துப் பிய்க்கப் போனார்.

"இழுக்காதீங்க!" பவுனம்மாள் உள்ளே வந்துவிட்டிருந்தாள். "கிழிஞ்சிரும் மொதலாளி. சூடு காட்டித்தான் பிரிக்கணும். குடுங்க இப்படி."

அவள் குரல் தெருவுக்குக் கேட்டிருக்கும். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். ரெங்கசாமி கொடுத்துவிட்டார். பக்கத்துக் காப்பிக்கடை அடுப்பில் தணல் இருந்தது. அவள் அட்டைப் பலகையை விளிம்பு விளிம்பாகச் சூட்டில் காட்டி, இளகுகிற நேரம் பார்த்து, ஒவ்வொன்றாக உரித்தாள். ஆட்கள் பின்னாலேயே வந்து சுற்றி நின்றார்கள். இரண்டு அட்டை கெட்டுப்போனது. மற்றவற்றில் எழுத்து கொஞ்சம் மழுங்கியிருந்தது. சூடு இன்னொரு தரம் பட்டதும் அது திரும்ப மினுங்கி நின்றது. அப்போது யாரோ "ஆ" என்றார்கள்.

"இதை நீரே செய்தது?" என்று கேட்டார் வீரசிங்கம்.

பவுனம்மாள் ரெங்கசாமியைப் பார்த்தாள். அவர் காப்பிக்கடைக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாங்கய்யா."

"பேர் என்ன?"

"சின்னையா..." என்று வாய் ஆரம்பித்தது. நிறுத்தினாள். "பவுனம்மாள்."

"அப்ப அதைப் பின்னாலை எழுதித் தாரும். ஊரிலை என்ரை மச்சான், மலாயாவிலை றப்பரைத் தவிர ஒரு மண்ணும் இல்லை எண்டு சொல்லிக்கொண்டு திரியிறான். அவனுக்கு அனுப்ப வேணும்."

"நாளைக்கு எழுதி, பொடி தூவி, எழுப்பிக் கொண்டாறேங்க."

"எனக்கு இப்ப வேணும். சும்மா மையிலை எழுதும், அது போதும்."

ரெங்கசாமியே பேனாவை நீட்டினார். இத்தனை பேர் பார்க்க அவள் எழுதியதில்லை. 'ப' கொஞ்சம் கோணியது. மற்ற எழுத்துகள் நேராக வந்தன. கீழே பிரிக்பீல்ட்ஸ் என்று எழுதினாள். வீரசிங்கம் ஊதி உலர்த்தி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். அடுத்து நின்றவர், "எனக்கும் எழுதிக் குடுங்கக்கா, அந்த வாசமா இருக்கிறதுலயே ஒண்ணு," என்றார்.

சாயங்காலம் ரெங்கசாமி மிச்ச அட்டைகளோடு வரிசை வீட்டுக்கே வந்துவிட்டார். மாரியாயி வாசலில் நின்று, "ஏ, சின்னையா வீடு! கடைக்காரரு வந்திருக்காரு!" என்று கூவினாள். ரெங்கசாமி அவளைத் திரும்பிப் பார்த்து, "பவுனம்மாள் வீடு இதுதானே?" என்று கேட்டார். மாரியாயி இதுதான் என்று கை காட்டினாள்.

"எல்லாத்துலயும் பேரு போட்டுரு தாயி," என்றார் உட்கார்ந்ததும். "கேக்கிறானுங்க. லண்டன்னு சொன்னதுக்கு என்னை வேற கேலி பண்றானுங்க."

"போடறேன் மொதலாளி."

"அப்படியே ஒரு ஓரமா என் கடை பேரும்."

"அது செஞ்சவங்க பேரு இல்லையே."

சின்னையா உள்ளே இருமினான். சிரிப்பை அப்படி இருமினான். ரெங்கசாமியும் சிரித்துவிட்டார். "விக்கிறவன் பேரு, போட்டுக்கயேன் தாயி. நான் என்ன திங்கவா போறேன்."

அவர் போனபின் அடுப்பில் தணலைக் கிளறிவிட்டு உட்கார்ந்தாள். அட்டை அட்டையாகத் திருப்பித் தேன் கலந்த மையில் பெயரை எழுதி, பொடி தூவி, சூட்டில் காட்டினாள். பவுனம்மாள் என்ற எழுத்து முனை நனைந்து மினுங்கி எழும்பியது. சின்னையா பக்கத்தில் உட்கார்ந்து இறகால் பொடி ஒதுக்கிக் கொடுத்தான். அவள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

ரெங்கசாமி கடை என்பதையும் ஒவ்வொன்றிலும் எழுதினாள். கீழே, சின்னதாக, சாதா மையில்.

"இதுக்குப் பொடி?" என்றான் சின்னையா, இறகைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

"அது அப்படியே காயட்டும்," என்றாள் பவுனம்மாள்.