கரண்டின் மேல் போட்ட பழி

எனக்கு வயது எழுபத்திரண்டு. நாலு பிள்ளைகளைப் பெற்று, தாராவியில் ஒற்றை அறைக்குள் வளர்த்து ஆளாக்கியவள். என் மருமகள் செல்வியின் வலது கண்ணைக் கெடுத்தவளும் நான்தான்.

எங்கள் சந்து வேறு மாதிரிச் சொல்லும். கரண்டு வைத்ததில் கண் போய்விட்டது என்று சொல்லும். அந்தப் பேச்சைக் கிளப்பியவளே நான்!

செல்விக்கு மூக்குக்குள் கட்டி. ஆபரேஷன் செய்து, பிறகு முகத்தில் கரண்டு வைத்தார்கள். ரேடியேஷனை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். கட்டி போய்விட்டது. ஆனால் இமைமுடி உதிர்ந்தது. கண்ணில் ஈரம் வற்றியது. மண் விழுந்ததுபோல உறுத்துகிறது என்று அழுவாள். இப்படி ஆகும் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். சொட்டு மருந்தைத் தவிர வேறு எதையும் விடாதீர்கள் என்றும் சொன்னார்.

எனக்கா தெரியாது? கரண்டு என்றால் சூடு. கண் சூட்டுக்குத் தாய்ப்பால். என் பிள்ளைகளுக்குக் கண் சிவந்தபோதெல்லாம் அதைத்தானே விட்டேன்...

எதிர்வீட்டில் பச்சைப்பிள்ளைக்காரி ஒருத்தி இருந்தாள். பால் வாங்க, பிள்ளைக்குப் புகட்டும் பாலாடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். செல்வி பார்த்துவிட்டாள்.

“வேண்டாம்த்தே. டாக்டரம்மா வேற எதும் விடப்படாதுன்னு சொன்னாவல்லா?”

“ஏளா, அவ எத்தன பிள்ள பெத்தாளாம்?”

“பிள்ள பெத்தா டாக்டர் ஆயிரலாம்னா, இந்தச் சந்துல அம்புட்டு பேரும் டாக்டருதான்!”

எதிர்வீட்டுக்காரி சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு என்னைச் சுட்டது.

கண்ணுக்கு மருந்து விடுவது எப்போதும் நான்தான். அன்று சாயங்காலம், என் காதுவலிக்கு என்று சொல்லி எதிர்வீட்டில் பால் வாங்கி வந்தேன். செல்வி கண்ணை மூடிப் படுத்திருந்தாள். இமையைப் பிரித்து, பாலாடையைச் சரித்தேன்.

“இன்னைக்கு மருந்து எரியவே இல்லத்தே” என்றாள்.

எனக்கு என்ன பெருமை! மறுநாளும் விட்டேன்... அதற்கு மறுநாளும்...

கண் சீழ் வைத்தது. கருவிழியில் வெள்ளை விழுந்தது. வெளியிலிருந்து கிருமி போயிருக்கிறது, கண்ணில் என்ன விட்டீர்கள் என்று டாக்டரம்மா இந்தியில் கேட்டார். மருந்து மட்டும்தான், என் மாமியார் கையால்தான் விடுகிறார் என்று செல்வி அடித்துச் சொன்னாள். சொல்லும்போது என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நான் வாயைத் திறந்தேனா? இல்லை! அப்போதே சொல்லியிருந்தால் கண் தப்பியிருக்குமோ... யாரிடம் போய்க் கேட்பேன்?

பிறகு குழாயடியில் நின்று சொன்னேன்: “கரண்டு அவ கண்ணத் தின்னுட்டு.” எல்லாரும் நம்பினார்கள். செல்வியும் நம்பினாள்.

இப்போது, பக்கத்தில் ஆண்டாப் ஹில்லில் இருக்கும் என் மகள் மாரிக்குத் தொண்டையில் கட்டி. கரண்டு வைத்தால் பிழைத்துக்கொள்வாள் என்கிறார்கள். அவள் போகமாட்டேன் என்கிறாள்.

“மதினி கண்ணு போனத நீதானம்மா ஊரெல்லாம் சொன்ன? நான் செத்தாலும் முழுசாச் சாவுதேன்.”

அதனால்தான் எழுதுகிறேன். என்னை நல்லவள் என்று நீங்கள் நினைத்துவிடாதீர்கள்... மருமகள் கண்ணுக்குத் திறக்காத வாய், பெற்ற மகள் உயிர் என்றதும் திறக்கிறது. பாலை விட்டதைவிட இதுதான் எனக்கு வெட்கம்!

நேரில் சொல்லத்தான் பார்த்தேன். செல்வி முகத்தைத் திருப்பி, மிச்சமிருக்கும் கண்ணால் என்னைப் பார்த்தாள். “என்னத்தே, டீ போடட்டா?” என்றாள். “போடு” என்று மட்டும்தான் சொன்னேன்.

இரண்டாம் வகுப்பு எழுத்தை வைத்துக்கொண்டு இவ்வளவும் எழுதிவிட்டேன். சரியாக வந்திருக்கிறதா, தெரியாது. செல்வியின் மகள் பிரியா பள்ளிக்கூடம் விட்டு வந்திருக்கிறாள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். மாரியும் வந்து கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள். செல்வி அடுப்படியில்...

பிரியா, இங்க வா மக்ளே. இத வாசி. மெள்ள வாசி, ஆனா சத்தமா வாசி. உங்கம்மைக்கும் கேக்கணும்.