ஹார்ன் சத்தமும் என் கறுப்புக் குடையும்

கணக்கப்பிள்ளை வேலை கிடைத்ததும் நான் முதலில் செய்த காரியம், நிவித்திகல கடைத்தெருவுக்கு இறங்கிப் போய் ஒரு கறுப்புக் குடை வாங்கியதுதான். அதுவரை எல்லோரையும் போல மழைக்குக் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு திரிந்தவன். எங்கள் பக்கத்து மழையைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. காலையில் வெயில் அடித்தால் அதை யாரும் நம்ப மாட்டார்கள். அப்படிப்பட்ட இடத்தில் குடை வைத்திருக்கிறவன் நனையாமல் இருப்பான் என்றுதான் நானும் நினைத்தேன்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. தோட்டத்தை நடத்துகிற வெள்ளைக்காரப் பெரிய துரை வரும்போது யாரும் குடை பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது. குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ரோட்டை விட்டு இறங்கி, கான் என்று நாங்கள் சொல்கிற வடிகால் ஓரமாகத் தலையைக் குனிந்து நிற்க வேண்டும். இதை யாரும் எங்கேயும் எழுதி ஒட்டவில்லை. எழுதாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. துரை குதிரையில் வந்த காலத்தில் இது பெரிய கஷ்டமில்லை. குதிரை தூரத்தில் வரும்போதே தெரியும். பக்கத்தில் வந்ததும் மடக்கி, தாண்டிப் போனதும் விரித்துக்கொள்ளலாம். தோள் மட்டும்தான் நனையும்.

அப்புறம் துரை மோட்டார் கார் வாங்கினார். எங்கள் ரோடு மலையைச் சுற்றிச் சுற்றி இறங்குகிற ரோடு. ரப்பர்ப் பந்தை அமுக்கி அடிக்கிற அந்த ஹார்ன் ஒரு வளைவில் கேட்கும், அடுத்த வளைவில் கேட்காது, மறுபடி கேட்கும். கார் வருகிறதா போகிறதா என்றே தெரியாது. எதற்கு வம்பு என்று, சத்தம் கேட்டவுடனேயே எல்லோரும் குடையை மடக்கிவிடுவோம். சில சமயம் கார் பங்களாப் பக்கம் திரும்பிப் போயிருக்கும். அது தெரியாமல் நாங்கள் நின்றுகொண்டிருப்போம். மோட்டார் வந்தால் எல்லோருக்கும் சுகம் என்று பேசிக்கொண்டார்கள். எங்களைப் பொறுத்தவரை மோட்டார் வந்த பிறகுதான் நன்றாக நனைந்தோம்.

கிராமத்துச் சிங்களவர்களுக்கு இந்த விஷயம் புரியவே இல்லை. அவர்கள் பெரிய ஹபரல இலை ஒன்றைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நனையாமல் போவார்கள். ஒருநாள் நான் மடக்கிய குடையோடு கான் ஓரத்தில் நிற்பதைப் பார்த்த ஒரு பெரியவர், "மொகத மல்லி, குடே கெடிலாத?" என்று கேட்டார். என்ன தம்பி, குடை உடைந்துவிட்டதா என்று அக்கறையாகத்தான் கேட்டார். நான் "ஒவ்" என்று தலையாட்டினேன். வேறு என்ன சொல்வது? அவர் தன் இலையை என்னிடம் நீட்டினார். இலைக்கும் அதே சட்டம்தானா என்று எனக்குத் தெரியாததால் வாங்கிக்கொள்ளவில்லை.

பிறகு துரை புதுக் கார் எடுத்தார். பழையதைக் கடைத்தெருவில் அரிசிக் கடை வைத்திருந்த நானா வாங்கிக்கொண்டார். முஸ்லிம் கடைக்காரர்களை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். அவர் அதில் அரிசியும் கருவாடும் ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்கு வருவார். இரண்டு காருக்கும் ஹார்ன் சத்தம் ஒன்றுதான். யாருடைய கார் என்று பார்த்து முடிவு செய்கிற வரையில் குடையை விரித்து வைத்திருக்க எவனுக்கும் தைரியமில்லை. ஆகவே கருவாட்டுக்கும் குடையை மடக்கினோம். நானாவுக்கு முதலில் கூச்சமாக இருந்தது. "எனக்கு ஏன் தம்பி மடக்கிறீங்க, விரிங்க, விரிங்க" என்று கையை ஆட்டிக்கொண்டே போவார். கொஞ்ச நாளில் கையாட்டுவதை நிறுத்திவிட்டார். பிறகு நிமிர்ந்து உட்காரப் பழகிக்கொண்டார். ஆளில்லாத வளைவிலும் ஹார்ன் அடித்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. அந்த இடத்தில் உட்கார்ந்தால் யாருக்கும் முதுகு தானாக நிமிரும்.

இந்தச் சமயத்தில்தான் எனக்குக் கல்யாணப் பேச்சு வந்தது. நான் மேல் டிவிசன். பெண் அதே தோட்டத்தின் கீழ் டிவிசனில், ஆஸ்பத்திரி டிஸ்பென்சரின் இளைய மகள். மருந்து வாங்கப் போனபோது பார்த்திருக்கிறேன். அவளைத்தான் கட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. அதை அம்மாவிடம் சொல்லவே ஒரு மழைக்காலம் போய்விட்டது. டிஸ்பென்சருக்கும் சம்மதம்தான், ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். அவருடைய மூத்த மருமகன் மழையில் நனைந்து, நெஞ்சில் சளி கட்டி, கல்யாணமான வருஷமே போய்விட்டான். மூத்த மகள் வெள்ளைச் சேலையோடு அப்பா வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். ஆகவே நெஞ்சில் சளி உள்ளவனுக்குப் பெண் கிடையாது.

"தம்பிய எனக்குத் தெரியும்மா. அவரு நெஞ்சத்தான் தெரியாது. ஒருக்கா வரச் சொல்லுங்க, வச்சுப் பாத்துர்றேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். மற்ற வீடுகளில் ஜாதகம் பார்ப்பார்கள். இவர் நெஞ்சில் குழல் வைத்துப் பார்க்கிறவர்.

எனக்கு நனைந்தால் தும்மல் வரும், தும்மினால் பின்னாலேயே இருமல் வரும். எனவே நனையாமல் கீழ் டிவிசன் போய்ச் சேர்வது ஒன்றுதான் என் கவலை. துரை வெளியே வராத நாளாகப் பார்த்து ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். வெளுத்த வேட்டி, கோட்டு, விரித்த குடை. மழை ஊற்றிக்கொண்டிருந்தது. பாதி வழியில் ஹார்ன் கேட்டது. இன்றைக்குத் துரையாக இருக்க முடியாது என்று மனசு சொல்லி முடிப்பதற்குள் கை குடையை மடக்கிவிட்டது. என் கையை நினைத்து எனக்கே ஆத்திரமாக வந்தது. ஆனாலும் விரிக்கவில்லை.

நானாவின் கார் வந்து நின்றது. "என்ன தம்பி, மாப்பிள்ள மாதிரி உடுத்திக்கிட்டு மழைல நிக்கிறீங்க? ஏறுங்க, கீழதான் போறேன்" என்றார்.

முன்சீட்டில் அரிசி மூட்டை இருந்தது. பின்சீட்டில், துரை உட்காருகிற இடத்தில், காலடியில் கருவாட்டுக் கட்டோடு உட்கார்ந்து துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தேன். ஆஸ்பத்திரி வளைவில் நானா வழக்கம் போல ஹார்னை அடித்தார். படுதா இடுக்கு வழியாக வெளியே பார்த்தேன். வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் அவசரமாகக் குடையை மடக்கிக் கக்கத்தில் செருகிக்கொண்டு, கான் ஓரம் இறங்கித் தலையைக் குனிந்து நின்றார். என்னை எதிர்கொண்டு அழைக்க வந்த டிஸ்பென்சர் அவர்.

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. பெண் கேட்டு வந்தவன் பெண்ணின் அப்பாவை மழையில் தலை குனிய வைத்துவிட்டேன். "நிறுத்துங்க நானா" என்று கத்தி, கார் நிற்பதற்குள் இறங்கி, குடையைக் காரிலேயே மறந்துவிட்டு அவரிடம் ஓடினேன். அவர் தலையைத் தூக்கினார். காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் குடையில்லாமல் நின்றதாலோ என்னவோ, அவரும் தன் குடையை விரிக்கவில்லை. இரண்டு பேரும் நனைந்துகொண்டே வீட்டுக்கு நடந்தோம்.

உள்ளே போனதும் நான் தும்மினேன். அவரும் தும்மினார். கதவுக்குப் பின்னாலிருந்து இரண்டு துண்டுகள் வந்தன, கூடவே இளையவளின் குரலும்.

"ஏம்பா, குடை கொண்டுதான போனீங்க?"

"மடக்கிட்டேன்."

"யாருக்கு மடக்குனீங்க?"

அவர் தலையைத் துவட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "காருக்கு" என்றார்.

"அவரு?"

"நானும் காருக்குத்தாங்க" என்றேன். கதவுக்குப் பின்னால் சிரிப்பு ஒன்று கிளம்பி, அடங்கி, மறுபடி கிளம்பியது.

டிஸ்பென்சர் சிரிக்கவில்லை. "மூத்த மாப்பிள்ளையும் அதுக்குத்தான் நின்னாரு" என்றார், சாதாரணமாக. சிரிப்புச் சத்தம் நின்றுவிட்டது. அவர் எழுந்து ஆணியில் தொங்கிய குழலை எடுத்தார். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு அதைத் திரும்ப ஆணியிலேயே மாட்டிவிட்டு, "அம்மாகிட்ட நல்ல நாளாப் பாக்கச் சொல்லுங்க தம்பி" என்றார்.

கல்யாணத்தன்று மழை பெய்ததைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மேல் டிவிசனுக்குப் போகத் தன் காரைத் தருவதாக நானா ஆசையோடு சொன்னார். மாமனார் கும்பிட்டு வேண்டாமென்றார். கோயிலிலிருந்து நடந்தே கிளம்பினோம். நானும் அவளும், நானா திருப்பிக் கொடுத்த என் கறுப்புக் குடைக்குள், மாமனாரும் மற்றவர்களும் பின்னால். பாதி ஏற்றத்தில் ஹார்ன் கேட்டது. பின்னால் குடைகள் மடங்கும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. என் கையும் குடையை மடக்க மேலே போனது. அவள், காம்பைப் பிடித்திருந்த என் கையின் மேல் தன் கையை வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வந்தது யார் கார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.