கப்சிப்பின் கருப்பு மை

என் பக்கத்து நாற்காலிக்காரிக்குக் கப்சிப் என்று பெயர் வைத்தது நான்தான். வீட்டில் அடிபடும் பெண்கள் கூப்பிட்டால் போய் உதவ வேண்டிய அரசு ஆபீஸ் எங்களுடையது. அந்த உதவிகள் ஒழுங்காகப் போய்ச் சேர்கின்றனவா என்று பார்க்க ஒரு கண்காணிப்புக் குழு உண்டு. அந்தக் குழுவுக்குப் போகும் கோப்புகளில் பெயர், விலாசம் என்று ஆளைக் காட்டிக்கொடுக்கும் எதையும் கருப்பு மையால் மறைப்பது அவள் வேலை.

அந்த வேலை வீடுவரை தொற்றிக்கொண்டது. மகள் பாஸா என்று கேட்டால், "அது அவளோட சொந்த விஷயம்" என்பாள். ஒருநாள் அவள் புருஷன் என்னிடம் வந்து, "லீவு போட்டிருக்காளாமே, நாங்க எந்த ஊருக்குப் போறோம்னு உங்களுக்காவது தெரியுமா?" என்று கெஞ்சினார். வம்பு கேட்காவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். அவள் பக்கத்தில் உட்கார்ந்து நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

சந்தேகம் வந்தால் பூசிவிடுவாள். சந்தேகமோ அவளுக்கு வரிக்கு வரி வரும்.

ஒரு மத்தியானம், தன் கோப்பின் நகலை வாங்கிப் போன பெண் திரும்பி வந்தாள். மறுநாள் குழு முன்னால் பேச வேண்டியவள். அவள் உதவி கேட்டு யாரையும் கூப்பிடவே இல்லை என்று புருஷன் வீட்டார் சாதித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னங்க இது, தார் ரோடு மாதிரி இருக்கு?"

"ரகசியம் காக்கணும்மா."

"யார்கிட்டயிருந்து? எங்கிட்டயிருந்தா?"

கப்சிப் திருதிருவென்று விழித்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

கப்சிப் எழுந்து எங்கள் ஆபீஸ் கண்காணிப்பாளரிடம் போனாள். நானும் பின்னாலேயே போனேன், விடுவேனா?

"சார், அவங்க கோப்ப அவங்களுக்கே காட்டலாம்னு விதி இருக்கே. நாந்தான் தெரியாம எல்லாத்தையும் மறைச்சிட்டேன்."

"நான் மாட்டேன்னா சொன்னேன்? நாளைக்கு அவங்க பேசிட்டு வரட்டும், அப்புறம் தாராளமா குடுப்போம். இப்பக் குடுத்தா நம்ம ஆபீஸ் மானம் கப்பலேறிடும்மா. நீங்க பூசினதுதான் நல்ல வேலை."

இத்தனை வருஷத்தில் அவளை யாரும் பாராட்டியதில்லை. அந்தப் பாராட்டைக் கேட்டு அவள் முகம் செத்துப்போனது. நேராக வந்து, அலமாரியைத் திறந்து, மூலக் கோப்பைப் புதிதாக நகலெடுத்தாள். சாட்சி சொன்ன பக்கத்து வீட்டுக்காரரின் பெயரை மட்டும் மறைத்தாள். கண்காணிப்பாளர் வாசலில் நின்று தொண்டையைக் கனைத்துக் கனைத்து ஓய்ந்துபோனார்.

அந்தப் பெண் விரல் வைத்துப் படித்தாள்: 'அழைப்பு வந்தது. அழுதபடி பேசினார். வண்டி இல்லாததால் யாரும் செல்லவில்லை.'

மறுபடியும் படித்தாள். "எங்கம்மாகூட நம்பலைங்க," என்றாள்.

"நீங்க கூப்பிட்டீங்கம்மா," என்றாள் கப்சிப், மனு கொடுக்க வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி. "நாங்கதான் வரலை."